சாளரச் சிறகின் சாட்சியம்

பொன்வண்டு, பொறிவண்டு, தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு, அரிசி மூட்டையில் ஊரும் வண்டு, மழைக்கால இரவில் வேலியோரம் மினுங்கும் மின்மினி. தோற்றத்திலும் பிழைப்பிலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும் இவை எல்லாம் வண்டுகளின் ஒரே கிளையில் அடங்கும். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏறக்குறைய 4 லட்சம். அவற்றை நான்கு துணைவரிசைகளாகப் பிரிக்கிறார்கள். பாலிஃபாகா என்னும் துணைவரிசை மட்டும் பத்தில் ஒன்பது பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன ஐந்தும் அதைச் சேர்ந்தவைதான். குளத்து நீரில் வட்டமடிக்கும் வண்டுகளும் கல்லுக்கடியில் ஓடி இரை பிடிக்கும் தரை வண்டுகளும் அடிஃபாகா. இதில் 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள். ஈரப்பாறையில் பாசி தின்று வாழும் கடுகளவு மிக்ஸோஃபாகாவில் நூற்றுச் சில்லறை. நான்காவதான ஆர்க்கோஸ்டெமாட்டாவில் இன்று உயிரோடிருப்பவை ஏறக்குறைய 50 இனங்கள் மட்டுமே. அந்த ஐம்பதிலும் முப்பதுக்குச் சற்றுக் கூடுதலானவை கியூபெடிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த அத்தியாயம் அந்தக் குடும்பத்தையும், உயிரோடிருக்கும் அதன் உறவினரையும், கல்லாகிப்போன உறவினரையும் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், நெடுங்காலமாக அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஆதி வண்டு’ என்ற பட்டம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற கேள்வியைப் பற்றியது.

வண்டுக்கு அடையாளமே சிறகுதான். மற்றப் பூச்சிகளில் பறக்க உதவும் முன்சிறகுகள் வண்டில் இறுகி ஓடாகிவிட்டன. பறக்கும் வேலை பின்சிறகுகளுடையது, அவற்றை மூடிக் காப்பது முன்சிறகுகளின் வேலை. இவற்றை மூடுசிறகுகள் என்று அழைப்போம். பொன்வண்டின் மூடுசிறகு மெருகேற்றிய உலோகத் தகடுபோல இருக்கும். கியூபெடிடே வண்டின் மூடுசிறகைக் கைலென்ஸில் பார்த்தால் அந்த வழவழப்பு கிடையாது. தோளிலிருந்து நுனிவரை நீளவாக்கில் மேடான வரிகள் ஓடுகின்றன. வரிக்கும் வரிக்கும் இடையே நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். இரண்டும் சேர்ந்து மூடுசிறகு முழுவதையும் சின்னச் சின்னச் சதுரங்களாக வகுத்துவிடுகின்றன. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஓடு மெலிந்து, ஒளி ஊடுருவும் சவ்வாக நிற்கிறது. பழைய வீட்டின் மரச்சட்டச் சாளரங்களை வரிசையாக அடுக்கினாற்போன்ற இந்த அமைப்பைப் பூச்சியியலாரும் சாளரக் கட்டங்கள் என்றே சொல்கிறார்கள். கிழக்கு வட அமெரிக்காவில் வாழும் கியூப்பஸ் கேப்பிட்டேட்டஸ், 1801இல் ஃபப்ரீசியஸ் பெயரிட்டது, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். தலை செம்பொன் நிறம், உடல் கருஞ்சாம்பல். உளுத்த மரத்துக்குள் பூஞ்சை படிந்த கட்டையைக் குடைந்தபடி அதன் புழுப் பருவம் கழிகிறது. முதிர்ந்த வண்டு வெளியே நடமாடும் காலம் மிகக் குறைவு.

இந்தச் சாளரங்களுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் இருக்கிறது. பெர்மியன் என்ற நிலவியல் காலத்துக்குப் பெயர் கொடுத்த பெர்ம் நகரத்தின் வட்டாரத்திலேயே செகார்டா என்னும் இடத்தில், 27 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட களிப்பாறைகளிலிருந்து பூச்சிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. 1944இல் ரோடென்டார்ஃப் அங்கிருந்து ஒரு வண்டை விவரித்து, ஊரின் பெயரையே சேர்த்துச் செகார்டோகோலியஸ் என்று பெயரிட்டார். அதன் மூடுசிறகிலும் நீளவரிகள், குறுக்குச் சட்டங்கள், வரிசை வரிசையாகக் கட்டங்கள். செக் நாட்டின் ஓபோராவிலும் அதையொத்த வண்டுகள் கிடைத்தன. ஜெர்மனியில் கிடைத்து 2014இல் விவரிக்கப்பட்ட கோலியாப்ஸிஸ் இவற்றினும் மூத்தது. ஏறக்குறைய 29 கோடி ஆண்டுகள் வயது. நமக்குத் தெரிந்த மிகப் பழைய வண்டுகளுக்கும் இன்று அமெரிக்கக் காட்டில் மரக்கட்டையைக் குடையும் வண்டுக்கும் ஒரே வேலைப்பாட்டில் சிறகு என்றால், முடிவு தானாகவே வந்து நிற்கும்: மற்ற வண்டுகள் மாறிக்கொண்டே போக, இவை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. டார்வின் 1859இல் உருவாக்கிய ‘உயிருள்ள புதைபடிவம்’ என்ற தொடர் இவற்றுக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது. பெர்மியன் வண்டுகளையும் இன்றைய கியூபெடிடே வண்டுகளையும் ஆர்க்கோஸ்டெமாட்டா என்ற ஒரே கூடையில் போட்டு, அதை வண்டு வம்சத்தின் அடிவேர் என்று நெடுங்காலம் கற்பித்தார்கள். அந்த முடிவில் ஒரு பாதி சரி. சிறகு பழையது. ஆனால் சிறகின் வயதை எடுத்து வண்டின் தலையில் கட்டியது பிழை. இதைத்தான் இந்த அத்தியாயம் நிறுவ முயல்கிறது.

பிழை எங்கே நுழைகிறது என்பதை மொழியிலிருந்து ஓர் உதாரணத்தால் விளக்கலாம். தமிழில் ழகரம் இருக்கிறது, மலையாளத்திலும் இருக்கிறது, இன்றைய கன்னடத்தில் இல்லை. இதை மட்டும் வைத்துத் தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவு என்று ஒருவர் சொன்னால் முடிவு சரியாக இருக்கும், காரணம் தவறாக இருக்கும். பழங்கன்னடத்திலும் ழகரம் இருந்தது. கல்வெட்டுகளில் அதற்குத் தனி எழுத்தே உண்டு. ஆக, அந்த ஒலி எல்லோருக்கும் பொதுவான பாட்டன் சொத்து. இருவர் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், ஒருவர் தொலைத்துவிட்டார். பாட்டன் சொத்தைத் தொலைக்காமல் வைத்திருப்பது, வைத்திருக்கும் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதற்குச் சான்றாகாது. உறவைக் காட்டுவது இருவரும் சேர்ந்து புதிதாகச் செய்துகொண்ட மாற்றம்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ழகரத்தைக் காப்பாற்றிய மொழி மற்ற எல்லாவற்றிலும் மாறாமல் நின்றது என்றும் யாரும் சொல்வதில்லை. ஒலியில் பழமையைக் காத்த மொழி இலக்கணத்தில் எவ்வளவோ புதுமை செய்திருக்கலாம். உயிரினங்களின் வகைப்பாட்டிலும் இதே விதிதான். சாளரச் சிறகு எல்லா வண்டுகளுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்த சொத்து என்றால், அதை வைத்து உறவையும் சொல்ல முடியாது, முழு உடலின் பழமையையும் சொல்ல முடியாது.

பெர்மியன் வண்டுகளைச் சிறகுக்கு அப்பால் உற்றுப் பார்த்தபோது இந்த விதி உண்மையாயிற்று. செகார்டா வண்டுகளின் மூடுசிறகு உடலைவிட நீளமாக, வயிற்றுக்கு அப்பாலும் நீண்டு, தளர்ந்த கூரைபோல மேலே கிடந்தது. இன்றைய வண்டின் மூடுசிறகோ உடலோடு அளவாகப் பொருந்தி, பின்சிறகையும் முதுகையும் பத்திரமாக மூடுகிறது. கியூபெடிடே வண்டிலும் அப்படித்தான். உணர்கொம்பின் கணுக்களை எண்ணினால், செகார்டா குடும்பத்து வண்டுகளில் 13. இன்றைய வண்டுகளின் அடிப்படை எண்ணிக்கை 11. கியூபெடிடேக்கும் அதே 11. அதாவது இன்று வாழும் வண்டுகள் எல்லாம் கூட்டாகப் பெற்ற மாற்றங்களைக் கியூபெடிடேயும் பெற்றிருக்கிறது, பெர்மியன் வண்டுகள் பெறவில்லை. எனவே பெர்மியன் வண்டுகள் இப்போது ஆர்க்கோஸ்டெமாட்டாவுக்குள் இல்லை. நான்கு துணைவரிசைகளும் பிரிவதற்கு முந்திய அடிமரத்தில் அவற்றுக்கு இடம் கொடுக்கிறார்கள். கியூப்பஸுக்கு அவை எவ்வளவு தூரமோ பொன்வண்டுக்கும் அவ்வளவே தூரம். சாளரத்தை மட்டும் பார்த்து ஒரே கூடையில் போட்டவை, உடலை எண்ணிப் பார்த்ததும் பிரிந்துவிட்டன. சிறகை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மேசன் கிரீக் என்ற இடத்தில், பெர்மியனுக்கும் முந்திய கார்பனிஃபெரஸ் காலப் பாறையில் கிடைத்த அடிஃப்ளேபியா என்ற பூச்சியைச் சிறகமைப்பைக் கொண்டு ‘மிக மூத்த வண்டு’ என்று 2009இல் அறிவித்தார்கள். 2012இல் குக்கலோவா பெக்கும் போய்ட்டலும் அதே மாதிரியை மறுபடி ஆராய்ந்து அந்த உரிமையை மறுத்தார்கள்.

ஆர்க்கோஸ்டெமாட்டாவுக்குள்ளேயே நுழைந்து பார்த்தால் ‘மாறாமல் நின்றவை’ என்ற எண்ணம் இன்னும் கலைந்துபோகிறது. கியூபெடிடேயின் உடலைப் போர்த்தியிருக்கும் செதில்கள் சாதாரண மயிர்கள் தட்டையாகி உருமாறியவை. பெர்மியன் வண்டிடமிருந்து வந்தவை அல்ல, இக்குடும்பத்தின் சொந்தச் சம்பாத்தியம். ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் ஒம்மாடிடே குடும்பத்தின் தாடையில் வெட்டுப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக அமைந்திருக்கின்றன. இதுவும் பின்னால் வந்த புதுமைதான். எல்லாவற்றையும் தூக்கியடிப்பது மைக்ரோமால்தஸ் என்ற இரண்டு மூன்று மில்லிமீட்டர் வண்டு. 1878இல் லெகான்ட் அதற்குப் பெயரிட்டபோது அது ஆர்க்கோஸ்டெமாட்டாவைச் சேர்ந்தது என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. சாளரம் கிடையாது, பார்வைக்கு மெலிந்த பாலிஃபாகா வண்டு. அதன் வாழ்க்கையோ வேறெந்த வண்டிலும் காணாதது. உளுத்த மரத்துக்குள் வாழும் பெண்புழு, வண்டாக மாறாமலே, புழுவாக இருக்கும்போதே கருவுற்றுக் குட்டிப் புழுக்களை உயிரோடு ஈனுகிறது. இதற்கு ஆண் தேவையில்லை. எப்போதாவது அது ஒரே ஒரு முட்டையிடும். அதிலிருந்து வருவது ஆண்புழு. அந்த ஆண்புழு தாயின் பிறப்புறுப்பு வழியாகத் தலையை நுழைத்து, தாயை உள்ளிருந்து தின்று வளர்கிறது. முதிர்ந்த வண்டுகள் சில நேரங்களில் தோன்றுகின்றன. ஆனால் இனப்பெருக்கத்தில் அவற்றுக்குப் பங்கே இல்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு வாதிட்டது. புழுக்களின் உடலமைப்பை நுணுகி ஆராய்ந்த பிறகே இது ஆர்க்கோஸ்டெமாட்டாவைச் சேர்ந்தது என்பது உறுதியாயிற்று. ‘ஆதி வண்டு’ என்ற பட்டம் பெற்ற கூட்டத்துக்குள்தான் வண்டுலகின் மிக விசித்திரமான பிறப்பு முறை ஒளிந்திருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். புதுமைகள் சில இருந்துவிட்டுப் போகட்டும். வண்டு வம்சத்தில் முதலில் பிரிந்த கிளை ஆர்க்கோஸ்டெமாட்டாதானே, அதனால் அதை ஆதி என்று சொல்வதில் என்ன தவறு என்று கேட்கலாம். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதல் பதில் தர்க்கம் சார்ந்தது. ஒரு கிளை இரண்டாகப் பிரிந்தால் இரண்டும் ஒரே நாளில் பிறந்த இரட்டையர்கள். ஒன்றில் 50 இனங்களும் மற்றொன்றில் 4 லட்சம் இனங்களும் இருப்பது வயதை மாற்றாது. சின்னக் கிளையை ‘அடியில் பிரிந்தது’ என்றும் பெரிய கிளையை ‘மரம்’ என்றும் சொல்வது நம் பார்வைக் கோணம் மட்டுமே. இரண்டாவது பதில் சான்று சார்ந்தது. உடலமைப்பை வைத்து வரைந்த மரங்களில் ஆர்க்கோஸ்டெமாட்டா முதலில் பிரிந்தது என்றுதான் பெரும்பாலும் வந்தது. மரபணுக்களை வைத்து வரைந்த மரம் வேறு கதை சொன்னது. மெக்கென்னாவும் அவரது கூட்டாளிகளும் 146 இனங்களின் 4,818 மரபணுக்களை ஒப்பிட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில் முதலில் தனியாகப் பிரிவது பாலிஃபாகா. மீதி மூன்றும் ஒரு பக்கம். அவற்றுள் ஆர்க்கோஸ்டெமாட்டாவுக்கு மிக நெருங்கிய உறவு பாறைப் பாசி தின்னும் மிக்ஸோஃபாகா. ‘முதலில் பிரிந்தது’ என்பதே ஆதியின் இலக்கணம் என்றால் பொன்வண்டுக்கும் அரிசி வண்டுக்கும்தான் அந்தப் பட்டம் போக வேண்டும். இந்த மரத்தை ஏற்றால் இன்னொரு விளைவும் உண்டு. சாளரச் சிறகு மூதாதையிடம் இருந்தது என்றால் அது பாலிஃபாகாவில் ஒரு முறை, அடிஃபாகாவில் ஒரு முறை, மிக்ஸோஃபாகாவில் ஒரு முறை என்று தனித்தனியே மறைந்திருக்க வேண்டும். ஆர்க்கோஸ்டெமாட்டாவுக்குள்ளேயே மைக்ரோமால்தஸிலும் அது மறைந்தது. நவீன வண்டின் முத்திரை என்று நாம் நினைக்கும் வழவழப்பான ஓடு, பல வீடுகளில் தனித்தனியே நடந்த ஒரே மாதிரியான மராமத்து வேலை.

மற்றக் கிளைகள் பின்னால் வந்தவை என்ற எண்ணத்தையும் புதைபடிவங்கள் அனுமதிப்பதில்லை. போலந்தின் கிராசீயேயூவ் என்ற இடத்தில், ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு விலங்கின் சாணம் கல்லாகிக் கிடைத்தது. சைலசாரஸ் என்ற, டைனோசர்களுக்கு நெருங்கிய உறவான விலங்கின் சாணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதைச் சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களால் ஊடுருவிப் படமெடுத்தபோது உள்ளே கால்களும் உணர்கொம்புகளும் ஒட்டியபடியே சின்னஞ்சிறு வண்டுகள் முழு உருவில் தெரிந்தன. ட்ரையமிக்ஸா என்று 2021இல் பெயரிடப்பட்ட அந்த வண்டு மிக்ஸோஃபாகாவைச் சேர்ந்தது. அதே ட்ரையாசிக் காலத்தில் இன்றைய கிர்கிஸ்தானின் மாடிகென் பகுதியில் சாளரச் சிறகு வண்டுகளும் வாழ்ந்துகொண்டிருந்தன. இரண்டு கிளைகளும் அருகருகே ஒரே காலத்தில் இருந்தவை. ஒன்றின் இன்றைய வாரிசு பாறையில் பாசி தின்கிறது. இன்னொன்றின் வாரிசு உளுத்த கட்டைக்குள் இருக்கிறது. ஒருவர் மற்றவருக்குப் பாட்டன் இல்லை.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. தர்க்கம் எப்படியும் இருக்கட்டும். 15 கோடி, 20 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் கிடைக்கும் ஒம்மாடிடே, கியூபெடிடே வண்டுகள் இன்றையவற்றின் அச்சாக இருக்கின்றனவே, இன்றைய பேரினத்தின் பெயரையே அவற்றுக்கும் வைத்தார்களே, மாறவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்கலாம். இதற்குப் பதில், பாறை எதைப் பாதுகாக்கிறது என்பதில் இருக்கிறது. வண்டு செத்து நீரில் விழுந்தால் மென்மையான பாகங்கள் அழுகும், மூட்டுகள் கழன்றுபோகும், ஓட்டுச் சிறகு மட்டும் தனியே மண்ணில் படியும். அதனால் வண்டுகளின் புதைபடிவங்களில் பெரும்பகுதி தனிச் சிறகுகளும் நசுங்கிய உடல்களுமே. மிகக் குறைவாக மாறிய உறுப்பு எதுவோ அதுவே மிக அதிகமாகக் கிடைக்கிறது. அதை மட்டும் ஒப்பிட்டு ‘எதுவும் மாறவில்லை’ என்று சொன்னால், வாசற்கதவை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நூறாண்டாக ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்வதற்குச் சமம். ஒரே பெயர் என்பதும் உறுதியான சான்றில்லை, ஏனெனில் பெயர் நாம் வைப்பது. உயிரோடிருக்கும் ஆஸ்திரேலிய ஒம்மாடிடே வண்டுகள் எல்லாவற்றையும் ஒம்மா என்ற ஒரே பேரினமாகத்தான் வைத்திருந்தார்கள். 2020இல் உடலை முழுதாக ஒப்பிட்டபோது ஒம்மா ஸ்டான்லியை மட்டும் அதில் நிறுத்திவிட்டு மற்றவற்றைப் போய்ட்டேலியஸ் என்ற புதுப் பேரினத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கையில் முழு வண்டை வைத்துக்கொண்டே நிலைமை இது என்றால், நசுங்கிய சிறகை வைத்து வைத்த பெயரை எவ்வளவு நம்பலாம்? மெசோசோயிக் பாறைகளில் மிகுதியாகக் கிடைக்கும் நோட்டோகியூப்பஸ் என்ற வண்டை கியூபெடிடேயில் வைப்பதா, ஒம்மாடிடேக்கு அருகில் வைப்பதா என்பதிலேயே கருத்துகள் மாறியிருக்கின்றன.

சிறகோடு உடலும் பத்திரமாகக் கிடைக்கும் இடம் அம்பர். மியான்மரின் காச்சின் பகுதி அம்பர் ஏறக்குறைய 9.9 கோடி ஆண்டுகள் பழமையானது. மரப்பிசினில் சிக்கிய பூச்சி அதில் தாடை, மயிர், செதில் எல்லாவற்றோடும் அப்படியே நிற்கிறது. அங்கிருந்து கிடைத்த ஒம்மாடிடே வண்டுகள், இன்றைய ஏழு இனங்களை மட்டும் பார்த்தவர் ஊகித்திருக்கவே முடியாத வகைகள். மூடுசிறகின் ஓரம் அகன்று ஆமையோட்டின் விளிம்புபோலப் பரந்தவை, செதில் போர்த்தியவை, 2020இல் விவரிக்கப்பட்ட மினியொம்மாவைப்போல இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் குறுகியவை என்று அவை பலவிதம். இன்று வாழும் ஒம்மா ஸ்டான்லியின் நீளமோ இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் போகும். ஒரே குடும்பத்துக்குள் உருவத்தில் இத்தனை விளையாட்டு நடந்திருக்கிறது என்றால், ‘மாறாமல் நின்ற குடும்பம்’ என்ற எண்ணம் பிழைத்தவர்களை மட்டும் வைத்து எடுத்த கணக்கு. பல வடிவங்களில் வாழ்ந்த ஒரு கூட்டத்தில் சிலர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். மிஞ்சியவர்களின் முகத்தை வைத்துக் கூட்டம் முழுவதையும் வரைந்துவிட்டோம்.

ஏன் சிலர் மட்டும் மிஞ்சினார்கள் என்பது மூன்றாவது மறுப்பின் வேர். பழைய அமைப்போடு இருந்ததால்தான் புதிய வண்டுகளிடம் தோற்றன; அரிதாகிப்போனதே அவற்றின் பழமைக்குச் சான்று என்பது அந்த வாதம். ஒம்மாடிடேயின் பரப்பு உண்மையில் சுருங்கித்தான் இருக்கிறது. இன்று ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் மட்டுமே இருக்கும் இக்குடும்பத்தின் புதைபடிவங்கள் இங்கிலாந்து முதல் கஜகஸ்தான், மங்கோலியா, சீனா வரை கிடைக்கின்றன. அர்ஜென்டினாவில் வாழும் டெட்ராஃபலேரஸுக்கு ஆசியப் பாறைகளில் சொந்தங்கள் இருக்கின்றன. இன்றைய வரைபடத்தை மட்டும் பார்த்தால் இவை, தென்கண்டங்கள் ஒன்றாய் இணைந்திருந்த கோண்ட்வானா நிலத்தின் பிள்ளைகள் என்று முடிவு கட்டத் தோன்றும். பாறைகளைப் பார்த்தால் உலகெங்கும் இருந்து, இரண்டு மூலைகளில் எஞ்சியவை என்று தெரிகிறது. கியூபெடிடேயும் அப்படியே. பால்டிக் அம்பரில் கியூப்பஸ் கிடைக்கிறது, இன்றைய ஐரோப்பாவில் அக்குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் சுருங்கியது என்பது வேறு, பழைய அமைப்பால் தோற்றது என்பது வேறு. ஒன்று குறைந்த காலத்தில் இன்னொன்று பெருகியது என்பதால் பெருகியதுதான் குறைத்தது என்று ஆகிவிடாது. காடுகளின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெர்மியன் முடிவில், ஏறக்குறைய 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவில் காடுகள் அழிந்தபோது மரம் தின்னும் ஆரம்பகால வண்டுகள் படிவங்களிலிருந்து மறைந்ததையும், ட்ரையாசிக்கின் நடுப்பகுதியில் காடுகள் மீண்டபோது வண்டுகள் வேறு முகங்களோடு பெருகியதையும் 2021இல் ஓர் ஆய்வு தொகுத்துக் காட்டியது. மரத்தையே நம்பி வாழும் உயிரின் கணக்கை எழுதுவதில் சிறகின் பழமையைவிட மரத்தின் கதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அரிது என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். மேற்கு வட அமெரிக்க மலைக்காடுகளில் வாழும் ப்ரையாக்மா செரேட்டா என்ற கியூபெடிடே வண்டு நெடுங்காலம் மிக அரிதாகக் கருதப்பட்டது. பிறகு ஒரு வினோதம் தெரியவந்தது. ப்ளீச் போட்டு வெளுத்துக் கொடியில் காயப்போட்ட துணிகளின்மேல் இந்த வண்டுகள் வந்து மொய்த்தன. வந்தவை அத்தனையும் ஆண்கள். ப்ளீச்சின் வாடை ஏதோ ஒரு விதத்தில் பெண்வண்டின் அழைப்பு வாசனையை ஒத்திருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அதன்பின் ப்ளீச் கரைசலையே தூண்டிலாக வைத்து ஏராளமாகப் பிடித்தார்கள். காட்டில் வண்டு குறைவாக இல்லை. நம் வலை அதன் வழியில் இல்லை, அவ்வளவுதான். வாழ்நாளில் பெரும்பகுதியைக் கட்டைக்குள் புழுவாகக் கழித்து, சில நாள் மட்டும் வெளியே வரும் உயிரை எண்ணும்போது இந்தப் பிழை எளிதில் நேரும். இத்தாலியில் லெபீனி மலையில் ஒரு பழைய கஷ்கொட்டை மரத்தின் வேர்மண்ணைக் கழுவியபோது இரண்டு மில்லிமீட்டரை எட்டாத மூன்று வண்டுகள் கிடைத்தன. குரோசனியெல்லா என்று பெயர் பெற்ற அந்த வகை அந்த மூன்றோடு நிற்கிறது. அவற்றுக்குச் சாளரமும் இல்லை. அது ஆர்க்கோஸ்டெமாட்டாதானா என்ற சந்தேகத்தையும் சிலர் எழுப்பியிருக்கிறார்கள். மூன்று உடல்களை வைத்துக்கொண்டு ஒரு வம்சத்தின் வெற்றி தோல்வியைப் பேச முடியாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சும்: அப்படியானால் ‘ஆதி’ என்ற சொல்லையே தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். உறுப்புக்கு உறுப்பு பயன்படுத்தினால் அது மிகக் கூர்மையான கருவி. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் சிக்கோட்டே அலின் மலையில் 1974இல் ஒரே ஒரு வண்டு கிடைத்தது. 1996இல் லாஃபர் அதைச் சிக்கோட்டேயலினியா என்ற பெயரில் விவரித்து, அதற்கென்று தனிக் குடும்பமே அமைத்தார். சில ஆண்டுகளில், சைபீரியாவின் ஜுராசிக் பாறையிலிருந்து 1985இலேயே பொனமரென்கோ விவரித்திருந்த ஜூரோடிடே என்ற அழிந்த குடும்பத்தோடு அது பொருந்துகிறது என்று கிரெய்ச்சுக் காட்டினார். கல்லில் முதலில் அறியப்பட்ட குடும்பம் பிறகு உயிரோடும் இருப்பது தெரிந்தது. அந்த ஒற்றை வண்டின் நெற்றியில் மூன்று தனிக்கண்கள் இருக்கின்றன. தேனீக்கும் தும்பிக்கும் அந்த மூன்று உண்டு. ஆனால் முதிர்ந்த வண்டுகளில் மூன்றும் இருப்பது இதைத் தவிர வேறெதிலும் தெரியாது. இவை ஆதியிலிருந்து தொடர்ந்து வந்தவையா, தொலைத்த பிறகு மீண்டும் முளைத்தவையா? ‘இது ஆதி வண்டு, ஆகவே கண்ணும் ஆதி’ என்று சொன்னால் கேள்வி அங்கேயே செத்துவிடும். கண் வேறு, சிறகு வேறு, தாடை வேறு என்று தனித்தனியே விசாரித்தால்தான் கேள்வி உயிரோடு இருக்கும்.

சாளரச் சிறகுக்கும் அதே மரியாதையைத்தான் தர வேண்டும். முதல் வண்டின் முன்சிறகு நரம்புகள் தடித்து, இடைவெளிகள் கட்டங்களாகி, மெல்ல மெல்ல ஓடானது எப்படி என்பதை 29 கோடி ஆண்டுக்கு முந்திய கல் ஒன்று சொல்கிறது. அந்தக் கல்லைப் படிக்கத் தெரிந்தது, கியூபெடிடே வண்டின் முதுகில் அதே எழுத்து இன்னும் அழியாமல் இருப்பதால்தான். அந்தச் சாட்சியத்துக்காக அந்த வண்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சாட்சி சொன்ன சம்பவத்தின் வயது சாட்சியின் வயதாகாது. செதிலைப் புதிதாகச் சம்பாதித்து, ப்ளீச் வாடைக்கு ஏமாந்து, இன்றைய காட்டின் இன்றைய கட்டையைக் குடைந்து வாழும் அந்த வண்டு, அரிசி மூட்டையில் ஊரும் வண்டின் வயதுக்காரன்தான். வாய் நிறைய ழகரம் சொல்கிறார் என்பதற்காக ஒருவரை ஆயிரம் ஆண்டு மூத்தவர் என்று நாம் கும்பிடுவதில்லை.